மேல்மாலா மைக்

ஸ்வீட்டியின் கம்ப்யூட்டர் எட்டு வாத்தியங்களுக்கு மேல் தாங்காது. ஒன்பதாவதாக ஒரு புல்லாங்குழலைச் சேர்த்தால் போதும், சளி கட்டிய தொண்டை மாதிரி கரகரத்துவிட்டுப் பாட்டு அப்படியே நின்றுபோகும். ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப் போட்ட பெட்டி அது. தாராவியில் பை தைக்கும் பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறிப்போகும் மேல்மாலா அறையில், கட்டிலுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவே அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

அதை வைத்துத்தான் பாட்டுகளுக்குப் பின்னணி இசை சேர்த்துக் கொடுத்தாள். பாடத் தெரிந்தவர்கள் மெட்டை போனில் பாடி அனுப்புவார்கள். இவள் கீபோர்டை மடியில் போட்டுக்கொண்டு தபலா, வயலின், தவில் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே நின்று பாடுவதற்குத் தோதாக ஒரு டிராக் செய்து அனுப்புவாள். மாதா பாட்டு, மாரியம்மன் பாட்டு, கல்யாண வரவேற்புப் பாட்டு, எதுவானாலும் சரி. மதிய நேரத்தில் மாட்டுங்காவில் ஓர் இசை வகுப்பில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் வாசிப்பதும் அவள்தான். கணவன் டென்சில் அந்தேரியில் ஒரு கூரியர் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை.

புதுக் கம்ப்யூட்டர் வாங்க வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் இருக்கிற பெட்டியை எப்படித் தேற்றுவது என்று இந்தியில் வந்த வீடியோக்களை மாதக்கணக்கில் பார்த்துப் படித்து வைத்திருந்தாள். முதலில் மெமரியைக் கூட்ட வேண்டும். அடுத்தது சுற்றுகிற பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட வேண்டும். கடைசியாக மைக்கையும் கீபோர்டையும் செருகுகிற சவுண்ட் பெட்டி ஒன்று, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த வரிசையில் போனால் கட்டையை அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே இருக்கிற இழுவை போய்விடும்.

இதை டென்சில் தன் அக்கா வீட்டில் போய்ச் சொன்னான். அக்கா சேசம்மாளின் கணவர் தனசீலனுக்கு மாஹிமில் கம்ப்யூட்டர் விற்று, பழுதும் பார்க்கிற கடை. பெரிய மனிதர். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. பூசையில் முதல் வாசகம் வாசிப்பார், ஜெபக் கூட்டங்களில் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். கடைக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஸ்டூடியோவும் ஆரம்பித்திருந்தார்.

"வெளிய போனா ஒன்ன நல்லா ஏமாத்திருவானுவ ஸ்வீட்டிம்மா. நா வாங்குற வெலைக்கே போட்டுத் தாரேன். சொந்தத்துக்குள்ள என்ன தந்தா, என்ன யாவாரம்" என்றார்.

ஒரு வாரம் பெட்டி மாஹிம் கடையில் இருந்தது. திரும்பக் கொண்டுவந்து மாட்டியதும் அவரேதான். ஏணியில் மூச்சிரைக்க ஏறி வந்து, கட்டிலில் கால் பரப்பி உட்கார்ந்து, மோட்டார் சைக்கிள் சாவியால் காதைக் குடைந்துகொண்டே ஒவ்வொரு ஒயராகச் சொருகினார். குடைந்த சாவியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தொடையில் துடைப்பார். அதே கையால் மவுஸைப் பிடிப்பார். ஸ்வீட்டி பார்வையை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் போன பிறகு மவுஸை ஈரத் துணியால் இரண்டு தரம் துடைத்தாள். உதவி செய்ய வந்தவரை அப்படி நினைப்பது பாவம் என்று பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள்.

போகும்போது இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். பெட்டியை அடிக்கடி அணைக்காதே, எஸ்எஸ்டி சீக்கிரம் போய்விடும், ஸ்கிரீனை மட்டும் அணை. மைக்கையும் பிடுங்காதே, பிடுங்கிப் பிடுங்கிச் செருகினால் சவுண்ட் பெட்டி குழம்பிவிடும். வீடியோக்களில் யாரும் இப்படிச் சொன்னதில்லையே என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் கடை வைத்து நடத்துகிறவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள்.

பெட்டி நன்றாகவே ஓடியது. கட்டையைத் தொட்டால் தொட்ட மாத்திரத்தில் வயலின் எழுந்தது. பதினைந்து வாத்தியம் அடுக்கியும் கரகரப்பில்லை. அந்தச் சந்தோஷத்தில், யாரும் கேட்காமலே, வரப்போகும் கிறிஸ்துமஸுக்கென்று குழந்தை யேசுவுக்கு ஒரு தாலாட்டு மெட்டு போட்டாள். மழைக்காலம் தொடங்கியிருந்தது. தகரக் கூரையில் மழை நிற்கும் இடைவெளி பார்த்து, வார்த்தை இல்லாமல் வாயால் முனகி மைக்கில் பிடித்து வைத்தாள். டென்சிலுக்குக்கூட அதைப் போட்டுக் காட்டவில்லை.

அந்த நாட்களில்தான் பிள்ளைக்காக டென்சில் எடுத்த பரிசோதனையின் முடிவும் வந்தது. இத்தனை வருஷமும் மருந்து தின்றவள் ஸ்வீட்டி. குறை இருந்தது அவனிடம். கட்டிலில் உட்கார்ந்து, முகத்தைத் தலையணையில் புதைத்து அழுதான். இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும், அக்காவுக்குத் தெரிந்தால் நான் நிமிர்ந்து நடக்க முடியாது என்றான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள், சொல்லவும் இல்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு செம்பூரில் சேசம்மாள் வீட்டுச் சாப்பாடு. ஒவ்வொரு தரமும் சாப்பாட்டின் நடுவே 'விசேஷம் உண்டா' என்று கேட்டு, இல்லை என்றதும் பெருமூச்சு விடுகிற மதினி அன்று ஒன்றும் கேட்கவில்லை. ஸ்வீட்டியின் தட்டில் தானாகவே ஒரு துண்டு மீன் வைத்தாள். தம்பிக்கு மட்டும் முருங்கைக்கீரையும் இரண்டு முட்டையும் தனியாக வந்தன. தின்னுல, உடம்புக்கு நல்லது என்று பக்கத்திலேயே நின்று ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தாள். மாதா கண் திறந்துவிட்டாள், மதினியின் மனசு இளகிவிட்டது என்று நினைத்தபடி ஸ்வீட்டி பஸ்ஸில் திரும்பினாள்.

ஆடி மாதம் தாராவி மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. தெருவெல்லாம் ஒலிபெருக்கி. ஸ்வீட்டி காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது, மேளச் சத்தத்துக்கு நடுவே ஒரு பாட்டு தொடங்கியது. முதல் வயலின் இழுப்பிலேயே அவளுக்குக் கால் நின்றுவிட்டது. அது அவளுடைய தாலாட்டு. அவள் வைத்த அதே வயலின், அதே புல்லாங்குழல், பல்லவிக்கு முன்னால் அவள் வேண்டுமென்றே விட்ட அதே சின்ன மௌனம். அதன்மேல் ஒருவன் ஆத்தாளைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டிக்கொண்டிருந்தான்.

பாடியவன் இசக்கிப்பாண்டி. தோல் பட்டறை வேலைக்காரன், கொடை சமயத்தில் அம்மன் பாட்டுப் பாடுகிறவன். அவளுக்கு முன்பே தெரிந்தவன்தான். மேடைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தவனிடம் இந்த டிராக்கை எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். அவன் மறைக்கவில்லை. மாஹிமில் தனசீலன் சாரின் ஸ்டூடியோவில் வாங்கினேன், மெட்டும் அவரே போட்டதாம் என்றான். நல்லா இருக்குல்லக்கா என்று ஆசையாகக் கேட்டான். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அவள் வீடு வந்தாள்.

பெட்டி மாஹிம் கடையில் இருந்த வாரத்தில் உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்திருப்பார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் தாலாட்டு போட்டது பெட்டி வந்த பிறகு. அது இந்த அறையை விட்டு வெளியே போகவே இல்லை. வெங்காயம் நறுக்கும்போதும், பூசையில் வாசிக்கும்போதும் இதே யோசனை. பூசையில் தனசீலன் வாசகம் வாசிக்கிறதைப் பார்த்தபடி, இந்த மனுஷனிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருந்தாள்.

அந்த வாரமே பெருமழை. மாட்டுங்காவில் வகுப்பு நடக்கிற கட்டடத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பாதி வழியில் திரும்பி, தொப்பலாக நனைந்து வீடு வந்தாள். துணியை மாற்றி, தலையைத் துவட்டிக்கொண்டே ஏதோ முனகியபடி ஸ்கிரீனைப் போட்டாள். ஒரு பாட்டை முடித்து அனுப்ப வேண்டியிருந்தது.

ஸ்கிரீனில் அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

மவுஸ் மேசையில் கிடந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. அம்புக்குறி நிதானமாக, வீட்டுக்காரன் தன் அலமாரியைத் திறக்கிற மாதிரி, அவளுடைய பாட்டுகள் இருந்த இடத்தைத் திறந்தது. போன வாரம் செய்த கல்யாணப் பாட்டின்மேல் போய் நின்றது. நகல் எடுக்கிற பட்டை மெல்ல நிரம்பியது. அவள் துண்டும் கையுமாக அப்படியே நின்றாள். அப்போதுதான் ஸ்கிரீனின் ஓரத்தில் மைக்கின் பச்சைக் கோடு கண்ணில் பட்டது. முனகலை நிறுத்தியதும் கோடு விழுந்துவிட்டது. இருமிப் பார்த்தாள், எழுந்து ஆடியது. மைக் திறந்திருந்தது. அவள் திறக்கவில்லை.

எத்தனை நாளாக?

பெட்டி வந்ததிலிருந்து இந்த அறையில் பேசிய ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. மதினியைப் பற்றி இவள் சொன்னது. டென்சிலோடு போட்ட சண்டை, பிறகு சமாதானமானது. தலையணையில் முகம் புதைத்து அவன் அழுதது. முருங்கைக்கீரை. இரண்டு முட்டை. தட்டில் தானாக வந்து விழுந்த மீன் துண்டு. அந்த மீனை இவள் ருசித்துத் தின்றிருக்கிறாள். காது குடைந்த சாவியை முகர்ந்து பார்க்கிற அந்த முகம் கட்டிலுக்கு அடியிலேயே இத்தனை நாளும் படுத்துக் கிடந்த மாதிரி இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அவள் மனசுக்குள் அவர், அவன் ஆனான்.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. மைக்கின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அண்ணே" என்றாள்.

அம்புக்குறி சட்டென்று நின்றது. விளக்கைப் போட்டதும் சுவரில் அசையாமல் ஒட்டிக்கொள்கிற கரப்பான் மாதிரி.

"தனசீலன் அண்ணே, நா ஸ்வீட்டி பேசுதேன். மழைன்னு இன்னைக்கு கிளாஸ் இல்ல. வீட்டுலதான் நிக்கேன். நீங்க கேக்கது எனக்குத் தெரியுது."

மழைச் சத்தத்துக்குப் பச்சைக் கோடு துடித்தது. அம்புக்குறி நெடுநேரம் அசையவில்லை. பிறகு மெல்ல மூலைக்குப் போய், திறந்ததையெல்லாம் ஒழுங்காக மூடிவிட்டு மறைந்தது. அந்த ஒழுங்கைப் பார்த்ததும்தான் அவளுக்குத் தாங்கவில்லை. இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மூலையில் பாத்திரம் கழுவுகிற மோரிக்கு ஓடினாள். காலையில் தின்றதெல்லாம் வெளியே வந்தது.

சாயங்காலம் டென்சில் வந்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் நம்பவில்லை. அத்தான் அப்படிப்பட்ட ஆளில்லை, ஏதாவது வைரஸாக இருக்கும் என்றான். தாலாட்டு கோயில் கொடையில் பாடியதைச் சொன்னாள். ஒரு பாட்டுதானே, கேட்டிருந்தால் நாமே கொடுத்திருப்போம், இதற்காகச் சொந்தத்தைப் பகைக்க முடியுமா என்று சமாதானம் சொன்னான்.

"பாட்ட விடு. ஒன் ரிசல்ட்டு வந்த அன்னைக்கு நீ எங்க உக்காந்து அழுத?" என்று கேட்டாள்.

அவன் கட்டிலைப் பார்த்தான். கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்ற மைக்கைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் நின்று பார்த்தாள். கிட்டே போய் மைக்கின் ஒயரை உருவி, தாங்கியோடு சேர்த்து ஏணி வாசலில் வைத்துவிட்டு வந்தான். இப்போதே செம்பூர் போகலாம் என்றான்.

அவளுடைய பாட்டைத் திருடியபோது வராத கோபம், தன் குறை வெளியே போனது என்றதும் வந்துவிட்டது. அவளுக்கு அவன்மேலும் குமட்டியது. அதே சமயம் அவனை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் இறங்கினாள்.

செம்பூர் வீட்டில் தனசீலன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். இவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்த முகம். அது சப்போர்ட் சாஃப்ட்வேர், எல்லா கஸ்டமருக்கும் போட்டு வைக்கிறதுதான், ரிப்பேர் என்றால் இங்கிருந்தே சரி பண்ணலாம் என்று கடையில் விளக்குகிற குரலில் விளக்கினான். பாட்டை விற்றதும் சப்போர்ட்தானா என்று ஸ்வீட்டி கேட்டாள். உன் பாட்டை நாலு பேரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன், நீ சந்தோஷப்பட வேண்டும் என்றான். மைக் எதற்குத் திறந்திருந்தது என்று கேட்டாள். தேவனுக்குத் தெரியும், நான் ஒன்றும் கேட்கவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் கேட்டானா இல்லையா என்பதை முடித்து வைத்தது சேசம்மாள்தான். அதுவரை அடுக்களை வாசலில் நின்றவள் விடுவிடுவென்று வந்தாள்.

"ரொம்பப் பேசுதியே ஏட்டி. ஒன் வாயால என்னெல்லாம் பேசுன? நா ஒரு முட்டைய நாலா அறுத்து வைக்கவளா? ஒங்க அம்மா செத்ததுக்கு நா பழைய சேலை கட்டி வந்தத அஞ்சு வருசம் கழிச்சுச் சொல்லிச் சிரிக்க. என் காதால கேட்டேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

தனசீலன் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை.

ஸ்வீட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதினிக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. திருட்டுத்தனமாகக் கேட்டதில் அவளுக்கு ஒரு உறுத்தலும் இல்லை. கேட்டது பிடிக்கவில்லை என்பதுதான் அவளுடைய குறை. புருஷன் கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் ராத்திரிச் சாப்பாட்டை எடுத்துப்போய்ப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, ஒரு காதுக்கு இவள் ஒரு காதுக்கு அவன் என்று சீரியல் பார்ப்பதுபோலக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காட்சி கண்முன் வந்ததும் அந்த வீட்டு மீன் வாடைகூட அவளுக்குத் தாங்க முடியவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, நீயும் கேட்டியா?" என்றான் டென்சில்.

"கேட்டேம்ல. ஒனக்குத்தான் கொறைன்னு தெரிஞ்சதும் நா எப்படி அழுதேன் தெரியுமா? மூணு நாள் ஒறக்கம் கெடையாது. மாதாவுக்கு மெழுகுதிரி நேந்துருக்கேன். ஒங்கிட்ட கேக்கவும் முடியல, கேக்காம இருக்கவும் முடியல" என்று சொல்லிக்கொண்டே அவன் தலையைத் தடவ வந்தாள்.

அவன் விலகிக்கொண்டான். காப்பி போட்டிருக்கேன், குடித்துவிட்டுப் போங்கள் என்று பின்னாலேயே வந்தாள். அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கினான்.

போலீசுக்குப் போக வேண்டும் என்று ஸ்வீட்டி சொன்னாள். அங்கே போனால் ஸ்டேஷனில் எல்லார் முன்னாலும் என்னவெல்லாம் கேட்டார்கள் என்று சொல்ல வேண்டிவரும் என்றான் டென்சில். அதைக் கேட்டதும் அவளும் வற்புறுத்தவில்லை. அதற்குள் தனசீலன் முந்திக்கொண்டு ஃபாதரிடம் போயிருந்தான். ஒரு சின்னத் தப்பெண்ணத்தால் சொந்தத்துக்குள் மனஸ்தாபம், ஸ்வீட்டி பூசைக்கு வாசிக்க வராமல் இருக்கிறாள், நீங்கள்தான் சேர்த்து வைக்க வேண்டும் என்று.

ஃபாதர் இரண்டு தரப்பையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கம்ப்யூட்டர் விஷயம் அவருக்குப் பிடிபடவில்லை. தனசீலன் எழுந்து நின்று, என்னையறியாமல் யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று வாசகம் வாசிக்கிற குரலில் சொன்னான். ஃபாதர் ஸ்வீட்டியைப் பார்த்தார்.

"மன்னிச்சிட்டேன் ஃபாதர். மன்னிக்கணும்னு நீங்க சொல்லித் தந்திருக்கீங்க, மன்னிச்சாச்சு. ஆனா அருவருப்பு போக மாட்டேங்குது. அது பக்கத்துல வந்தாலே எனக்கு வாந்தி வருது. அதுக்கு என்ன செய்யன்னும் நீங்களே சொல்லுங்க" என்றாள்.

தனசீலனை அவள் 'அது' என்றது அறையில் எல்லார் காதிலும் விழுந்தது. ஃபாதர் தனசீலனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொல்லும்மா என்றார். டென்சிலின் குறையைத் தவிர மற்றதெல்லாம் சொன்னாள். அடுத்த ஞாயிறு முதல் வாசகத்தை வேறொருவர் வாசித்தார். காரணம் யாருக்கும் சொல்லப்படவில்லை. வயதானதால் விட்டுக்கொடுத்தேன் என்று தனசீலன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. ஸ்வீட்டி மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தாள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கும்பிட்டுக்கொள்ளும் நேரத்தில் எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிடுவாள், தனசீலன் உட்காரும் வரிசைப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டாள்.

பெட்டியை என்ன செய்வது என்பது மிச்சமிருந்தது. தொடவே கூசியது. கச்ராக் குப்பையில் போட்டுவிடலாம் என்று டென்சில் சொன்னான். போட்டால் வேறொன்று வாங்க வேண்டும், வாங்க வழியில்லை. ஒரு லீவு நாளில் பழைய துப்பட்டாவை மூக்கோடு கட்டிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் உறை போட்டு, ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தாள்.

சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன் என்று சொல்லித்தான் தனசீலன் கொடுத்திருந்தான். உள்ளே காற்றாடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு அழுக்குத் திரிதிரியாகத் தொங்கியது. பவர் பெட்டியின் ஓரத்தில் கரப்பான் முட்டைகள் அவரை விதை மாதிரி வரிசையாக ஒட்டியிருந்தன. தட்டியதும் உள்ளேயிருந்து இரண்டு வெளியே ஓடி வந்து அவள் மணிக்கட்டில் ஏறின. உதறினாள். புதுசு என்று சொல்லிப் போட்ட எஸ்எஸ்டியில் எதையோ கிழித்தெடுத்த பசைத் தடம். எத்தனை காலம் ஓடியது என்று சோதித்துப் பார்த்தால், அது வேறு எங்கோ வருஷக்கணக்கில் உழைத்துக் களைத்தது. முன்னே என்றால் அழுதிருப்பாள். இப்போது, வேறு எப்படி இருக்கும் என்றுதான் தோன்றியது.

பிரஷ், ஸ்பிரிட், பஞ்சு என்று வைத்துக்கொண்டு பாகம் பாகமாகத் துடைத்தாள். லேமிங்டன் ரோடுக்குத் தானே போய், கடை கடையாகக் கேட்டு, சின்னதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி வந்தாள். பழையதைப் பட்டறைக்காரர்களிடம் சுத்தியல் வாங்கி அடித்து நொறுக்கினாள். எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினாள். நகல் வைத்திருக்காத பல பாட்டுகள் போய்விட்டன. வருஷக்கணக்காகச் சேர்த்த வாத்திய ஒலிகளும் போயின. அந்தக் கைபட்ட எதுவும் அவளுக்கு வேண்டாம். பெட்டி மறுபடியும் ஓடியது. முன்னே மாதிரி பதினைந்து வாத்தியம் தாங்கியது. வேலை முடிந்ததும் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, மைக்கைக் கழற்றித் துணியில் சுற்றி அரிசி டின்னுக்கு மேலே வைத்துவிடுவாள்.

தாலாட்டு அவளுடைய மெட்டு என்று தெரிந்ததும் இசக்கிப்பாண்டி ஏணி ஏறி வந்து வருத்தப்பட்டான். இனிமேல் அதைப் பாட மாட்டேன் என்றான். பாடு, அது உன் பாட்டாகவே ஊருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு அதை மறுபடி தொட மனசில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். அடுத்த கொடைக்கு வேண்டிய பாட்டையெல்லாம் அவன் அவளிடமே கேட்டு வாங்கினான். அவனைப் பார்த்து இன்னும் சிலரும் வந்தார்கள். தனசீலன் கடைக்குப் பின்னாலிருந்த ஸ்டூடியோ மூடிவிட்டதாக யாரோ சொன்னார்கள். கடை நன்றாகத்தான் நடக்கிறது. அவன் சப்போர்ட் பண்ணுகிற வீடுகள் எத்தனை என்று யாருக்குத் தெரியும். தெரிந்த இரண்டு வீட்டுப் பெண்களிடம் ஸ்வீட்டி போய்ச் சொன்னாள். ஒருத்தி உடனே ஒயரைப் பிடுங்கினாள். இன்னொருத்தி, அவர் சர்ச் மனுஷனாச்சே என்று சிரித்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று டென்சில் சொல்லிக்கொண்டான். ஆனால் மேல்மாலாவில் அவர்களுக்குப் பேச்சு வரவில்லை. கேஸ் தீர்ந்தது, அரிசி வாங்க வேண்டும், மழை வருகிறது என்பதற்கு மேல் எது சொல்ல வாயெடுத்தாலும் இருவர் கண்ணும் மேசைப் பக்கம் போய்வரும். அங்கே மைக் இல்லை. இல்லை என்று தெரிந்தும் குரல் தானாக இறங்கிவிடும்.

ஒரு ஞாயிறு மாலை மாஹிம் கடற்கரைக்குப் போனார்கள். ஓடையில் வருகிற சாக்கடையெல்லாம் அங்கேதான் கடலில் கலக்கிறது. கருப்புத் தண்ணீர், பிளாஸ்டிக் குப்பை, மூக்கைத் துளைக்கிற நாற்றம். பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. டென்சில் ஒரு கல்லைத் துடைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னான். முலுண்டில் ஒரு டாக்டர் இருக்கிறாராம், மருந்தில் சரியாகலாம் என்கிறார்கள், சரியாகாவிட்டால் ஒரு பிள்ளையைத் தத்து எடுக்கலாமா என்று கேட்டான். கேட்டதைச் சாதாரணக் குரலில், உரக்கவே கேட்டான்.

"எடுக்கலாம். அதுக்கு முன்னால டாக்டர்ட்டயும் போவோம்" என்றாள் அவள்.

வீட்டில் அந்த ஒன்பது வருஷமும் பேசாததை அந்த நாற்றத்தில் உட்கார்ந்து பேசினார்கள். இருட்டத் தொடங்கியதும் அவன் எழுந்தான். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று அவள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.